பினாங்குத் தீவில் வாடகை வீடு: ஊரைப் பழகிக்கொண்டே தேட ஒரு முழு வழிகாட்டி

பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தே பெர்ரித் துறைக்குப் போய்விடலாம். பெர்ரி நகர்ந்ததும் எதிரே தீவு முழுதாகத் தெரியும். கரையை ஒட்டி ஜார்ஜ்டவுன், நடுவில் கொம்தார் கோபுரம், எல்லாவற்றுக்கும் பின்னால் மேகம் தொட்ட மலை. இரண்டு பைகளோடும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் வேலைக் கடிதத்தோடும் நான் இப்படித்தான் வந்து சேர்ந்தேன். இரண்டு வாரத்தில் வீடு பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பத்து வாரம் ஆனது.

அந்தப் பத்து வாரம் வீண் இல்லை. எந்தச் சாலை எத்தனை மணிக்கு நின்றுவிடும், எந்தப் பிளாக்கில் தண்ணீர் மெதுவாக ஏறும், எந்தக் கடையில் வாழை இலை கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்கு ஏற்ற வீடு கண்ணில் பட்டது. முதல் வாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வருடம் தவறான இடத்தில் மாட்டியிருப்பேன். இங்கே வீடு தேடுவதும் ஊர் பழகுவதும் ஒரே வேலை. அதை எந்த வரிசையில் செய்தால் பணமும் மனமும் மிச்சமாகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு ரூம், ஒரு மாதத்துக்கு

வந்ததும் வீடு எடுக்காதீர்கள். மாத வாடகைக்கு ஒரு ரூம் எடுங்கள். ஐபிலிக், மூடா போன்ற தளங்களில் ரூம் விளம்பரங்கள் நிறைய உண்டு. தொழிற்சாலைப் பக்கம் வேலை என்றால் சுங்கை டுவா, புக்கிட் ஜம்புல், பாயான் பாரு சுற்றுவட்டாரத்தில் தேடலாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் சுங்கை டுவாவில் மாணவர்களுக்கென்றே ரூம்கள் இருக்கும். விடுமுறைக் காலத்தில் அவை காலியாகும்.

ரூமுக்குப் பேசும்போது குறைந்தது எத்தனை மாதம் தங்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். பலர் ஆறு மாதம் என்பார்கள். "வேலைக்கு இப்பதான் வந்திருக்கேன், வீடு தேடிக்கிட்டு இருக்கேன், ரெண்டு மாசம் போதும், கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன்" என்று உள்ளதைச் சொன்னால் ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. ஐம்பது ரிங்கிட் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. தவறான வீட்டுக்கு ஒரு வருடம் கட்டுவதைவிட அது மிகக் குறைவு.

அந்த ரூமில் சமைக்க முடியுமா, துணி துவைக்கும் இயந்திரம் உண்டா, ஏர்கண்டிஷனுக்குத் தனிக் கட்டணமா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கட்டத்துக்கு அதற்கு மேல் ஆராய வேண்டாம். இது காத்திருக்கும் இடம், அவ்வளவுதான்.

தீவின் நடுவில் மலை இருக்கிறது

வரைபடத்தைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். தீவின் பரப்பு ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர், சின்ன ஊர்தான். ஆனால் நடுவில் முழுக்க மலை. பினாங்கு மலையின் உச்சி 800 மீட்டருக்கு மேல். அதனால் மக்களும் சாலைகளும் கிழக்குக் கரையோரத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். வடக்கே இருப்பவர் தெற்கே வேலைக்குப் போக வேண்டுமானால் ஜார்ஜ்டவுன் வழியாகக் கரையோரச் சாலையைப் பிடிக்க வேண்டும்; இல்லையென்றால் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் மலையை ஒட்டிச் சுற்ற வேண்டும். மேற்கே தெலோக் பாஹாங் பக்கம் சுற்றிவரும் சாலையை அன்றாட வேலைக்கு நம்ப வேண்டாம்.

இதனால் கிலோமீட்டரை நம்பி வீடு எடுக்காதீர்கள். நேரத்தை நம்புங்கள். எனக்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு வீடு ரொம்பப் பிடித்திருந்தது. பால்கனியில் நின்றால் கடல், வாடகையும் கைக்கு அடக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிருந்து தொழிற்சாலைக்கு அரை மணி நேரத்தில் போய்விட்டேன். மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் நேரத்துக்கே கிளம்பிப் பார்த்தேன். துன் டாக்டர் லிம் சொங் இயூ நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே அரை மணி போய்விட்டது. மாலையில் திரும்பும்போது மழை வேறு. பால்கனிக் கடலைப் பார்க்க வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிடும் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஒரு வீடு பிடித்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வேலை நாள் ஒன்றில், நீங்கள் உண்மையில் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மாலையிலும் ஒருமுறை. மழை நாளில் அமைந்தால் இன்னும் நல்லது. தனிப் பாதை ரயிலான முத்தியாரா எல்.ஆர்.டி. திட்டத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கட்டுமானம் நடக்கும் வழியில் உங்கள் பாதை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பகுதிகள். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. நான் சுற்றிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ், பாயான் லெப்பாஸ்: 1970களின் தொடக்கத்தில் உருவான தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த இடங்கள். இங்கே வேலை என்றால் என் முதல் பரிந்துரை இதுதான். பாயான் பாரு சந்தை பெரியது, சாப்பாட்டுக் கடைகள் இரவு வரை இருக்கும். சுங்கை ஆராவிலும் பாயான் லெப்பாஸிலும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சில பிளாக்குகளுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் அதைக் கவனியுங்கள்.

குளுகோர், ஜெலுத்தோங், கிரீன்லேன்: ஊருக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில். கணவருக்குத் தெற்கே வேலை, மனைவிக்கு ஜார்ஜ்டவுன் மருத்துவமனையில் வேலை என்பது போன்ற குடும்பங்களுக்கு இதுதான் சரி. குளுகோரில் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. முதல் பாலமும் இந்தப் பக்கம்தான், அதனால் மாலை நெரிசல் வீட்டு வாசல் வரை வரும்.

ஆயர் ஈத்தாம், பார்லிம், பாயா தெருபோங்: உயர்ந்த பிளாக்குகள், வாடகை குறைவு, சந்தை சாப்பாடு மலிவு. மலையடிவாரம் என்பதால் காலையில் குளிராகக்கூட இருக்கும். ஆனால் உள்ளே வர, வெளியே போகச் சாலைகள் குறைவு.

ஜார்ஜ்டவுன்: 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நகரம். குட்டி இந்தியா பக்கம் நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால் நம் ஆட்களுக்கு அதைவிட வசதி இல்லை. நாம் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பசாரில் பூ, வாழை இலை, வெற்றிலை, மளிகை எல்லாம் கிடைக்கும். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் நிற்கும் மகாமாரியம்மன் கோயில். பழைய கடைவீடுகளின் மாடியில் வாடகைக்கு வரும் வீடுகளைப் பார்க்கும்போது படிக்கட்டு, மின்கம்பி, கழிவறை மூன்றையும் கவனியுங்கள். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

புலாவ் தீக்குஸ், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி: கடற்கரை, அழகு, கூடுதல் வாடகை. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் வட பகுதியில் வேலை உள்ளவர்களுக்கும் ஏற்றது.

மலைக்கு அந்தப் பக்கம் பாலேக் பூலாவ். வயல், பழத்தோட்டம், அமைதி. சொந்த வண்டி இல்லாமல் அங்கே குடியேற வேண்டாம்.

அக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. தீவில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் பட்டர்வொர்த், பிறை பக்கம் பாருங்கள். ஒரே வாடகைக்கு அங்கே பெரிய வீடு கிடைக்கும். பெர்ரி கால் மணி முதல் இருபது நிமிடத்தில் கடந்துவிடும், ஆனால் இப்போது அதில் ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான், கார் ஏறாது. காரில் வருபவர் முதல் பாலத்தையோ 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தையோ நம்ப வேண்டும். இரண்டாவது பாலம் பத்து மாவுங்கில் இறங்குவதால் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி.

பஸ்ஸை ஒரு மாதம் நம்பிப் பாருங்கள்

கார் இருந்தாலும் முதல் சில வாரம் ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் போங்கள். ஜெட்டியும் கொம்தாரும் முக்கிய நிலையங்கள். 101 வடக்கே பத்து பெரிங்கி வழியாக தெலோக் பாஹாங் போகும். 204 ஆயர் ஈத்தாம் வழியாக மலை ரயிலடிக்குப் போகும். 401இ தெற்கே விமான நிலையம் தாண்டி பாலேக் பூலாவ் வரை போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் எந்தக் கேட்டில் "உந்தோக் டிசேவா" (வாடகைக்கு) பலகை தொங்குகிறது என்பது தெரியும். தளங்களில் வராத வீடுகள் பலகையில் வரும். நான் அப்படி நான்கு எண்களைக் குறித்துக்கொண்டேன். அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஏஜெண்டே வைத்திருக்கவில்லை.

எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது

ஐபுரோப்பர்ட்டி, புரோப்பர்ட்டிகுரு, மூடா மூன்றிலும் தினமும் பாருங்கள். ஒரே வீட்டை நான்கு ஏஜெண்டுகள் நான்கு விலையில் போட்டிருப்பார்கள். படங்களை ஒப்பிட்டு, குறைந்த விலை போட்டவரைக் கூப்பிடுங்கள்.

பதிவு பெற்ற ஏஜெண்டின் ஆட்களுக்கு ஆர்.இ.என். என்ற பதிவு எண் இருக்கும்; கழுத்தில் படத்தோடு அடையாள அட்டை தொங்கும். அந்த எண்ணை மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பணம் கட்டச் சொன்னால் அது நிறுவனத்தின் கணக்கா, அவருடைய சொந்தக் கணக்கா என்று பாருங்கள். சொந்தக் கணக்கு என்றால் நிறுத்திவிடுங்கள்.

நான் இதில் ஒருமுறை பட்டேன். பாயான் பாருவில் புதிய கொண்டோ (பொது வசதிகளுள்ள அடுக்குமாடி வீடு), முழுக்கத் தளவாடத்தோடு, நம்ப முடியாத விலை. "நிறைய பேர் கேக்கிறாங்க, 300 ரிங்கிட் புக்கிங் போட்டா உங்களுக்கு வெச்சிடுவேன்" என்று விளம்பரம் போட்டவர் வாட்ஸ்அப்பில் சொன்னார். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அனுப்பினேன். மறுநாள் எண்ணே இல்லை. உங்களுக்கு இது நடக்கக் கூடாது. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கு எண் கிடைத்ததும் காவல்துறையின் செமாக் மூல் தளத்தில் போட்டுப் பாருங்கள்; அந்தக் கணக்கின் மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் அதில் தெரியும். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அடுத்தது மனதுக்குக் கஷ்டமான விஷயம். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. "சீனர்களுக்கு மட்டும்", "இந்தியர் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே போடும் விளம்பரங்களைப் பார்ப்பீர்கள். போடாதவர்களில் சிலர், உங்கள் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தனியார் வீட்டுக்காரர் இப்படி மறுப்பதைத் தடுக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் இப்படிப்பட்ட அழைப்புகளில் கழித்து, மாலையில் ரூமுக்கு வந்து உட்கார்ந்தால் யாரோடும் பேசப் பிடிக்காது.

பிறகு முறையை மாற்றினேன். முதல் செய்தியிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்: என் பெயர், நான் இந்தியர், என்ன வேலை, எத்தனை பேர், எப்போது வர வேண்டும், எத்தனை வருடம் இருப்பேன். கடைசியில், "இந்தியர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கச் சம்மதமா? சம்மதம் என்றால் நேரில் பார்க்க வருகிறேன்." வராத பதில்கள் நிறைய. வந்த பதில்கள் எல்லாம் உண்மையானவை. பார்க்கப் போகும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வேலைக் கடிதத்தையும் கையில் கொண்டுபோனேன். விளக்கேற்றுவதையும் சமையலையும் பற்றிக் கேட்ட ஒரு சீன ஆண்ட்டியிடம், தினமும் சாமி கும்பிடுவோம், மசாலா வதக்கும்போது சன்னலைத் திறந்து வைப்போம், போகும்போது சமையலறைச் சுவரை வெள்ளையடித்துக் கொடுப்போம் என்று இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தானும் காலை மாலை ஊதுபத்தி கொளுத்துவதாகச் சொன்னார். கெஞ்சாதீர்கள், நம் வாழ்க்கையை மறைத்து வீடு எடுத்தால் வருடம் முழுக்க மறைக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் எனக்கு வீடு கிடைத்தது எந்தத் தளத்திலும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் பார்க்கும் ஓர் அக்கா, என் ரூம் கதையை மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் பிரசாதத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே, "தம்பி, எங்க பிளாக்ல ஏழாவது மாடி அங்கிள் மகன் வீட்டுக்குப் போறாரு. வெளம்பரம் போடறதுக்கு முன்னாடி போய்ப் பாரு" என்றார். அன்று மாலையே போனேன். அதனால்தான் சொல்கிறேன்: தினமும் ஒரே கடையில் தேத்தண்ணீர் குடியுங்கள், ஒரே கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போங்கள், வேலையிடத்தில் எல்லோரிடமும் வீடு தேடுவதைச் சொல்லி வையுங்கள். பிடித்த பிளாக்கின் காவலாளி அண்ணனிடம் போய், காலியாகிற வீடு இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத காலி வீடு அந்தக் கட்டடத்தில் இருக்காது.

வீட்டுக்குள் போனதும்

பதினைந்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் கையை வேலைக்கு விட வேண்டும். ஏஜெண்ட் பேசிக்கொண்டே இருப்பார். பேசட்டும். நீங்கள் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறங்கள். முதலில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக வந்து ஒரு நிமிடத்தில் தெளிந்தால் வீடு கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்திருக்கிறது. தெளியவே இல்லை என்றால் குழாய் துருப்பிடித்திருக்கிறது. குழாய் ஓடும்போதே கழிவறையை அழுத்துங்கள். குழாயில் தண்ணீர் நூலாக மெலிந்தால் அழுத்தம் போதாது. மேல்மாடி வீடுகளில் இது சகஜம். ஹீட்டரைப் போட்டு, தண்ணீர் சூடாகும் வரை கையைக் காட்டி நில்லுங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அது வடிகாலுக்குப் போகிறதா, கதவுப் பக்கம் தேங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்து மேலே பாருங்கள். நான் ரெலாவில் பார்த்த ஒரு வீட்டில் படுக்கையறைக் கூரை மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தது, மற்ற அறைகள் பழைய மஞ்சள். நாற்காலியில் ஏறி விரல் முட்டியால் தட்டினேன். பெயிண்ட் உப்பிக்கொண்டு உதிர்ந்தது. உள்ளே ஈரம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு அது. மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், நிர்வாகம் என மூன்று பேர் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய வேலை. அப்படிப்பட்ட வீட்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

ஏர்கண்டிஷன் ஒவ்வொன்றையும் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கடலோர வீடு என்றால் வெளியே இருக்கும் யூனிட்டைப் பாருங்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்துத் தேய்ந்திருக்கும். மேற்கு பார்த்த சன்னலா என்று கேளுங்கள், மதியம் மூன்று மணிக்கு வந்தால் கேட்காமலே தெரியும். கைப்பேசியில் சிக்னல் எத்தனை கோடு என்று ஒவ்வொரு அறையிலும் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். தீவுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி அக்கரையில், மூடா ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் கடலுக்கடியில் குழாய் வழியாக வருகிறது. அங்கே பழுதுபார்த்தால் இங்கே குழாய் வற்றும். 2024 ஜனவரி 10இல் தொடங்கிய பெரிய நீர்த்தடை நான்கு நாள் நீண்டது. வீட்டில் மூடி போட்ட பெரிய வாளி இரண்டு எப்போதும் இருக்கட்டும்.

தரைவீடு அல்லது கீழ்மாடி என்றால் வெள்ளத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள், ஏஜெண்டிடம் கேட்டுப் பயனில்லை. 2017 நவம்பர் 4, 5இல் தீவு மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். "அண்ணே, 2017ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். ஜாலான் பி. ரம்லி போன்ற இடங்களில் சாதாரண மழைக்கே தண்ணீர் ஏறும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். அந்த மாதங்களில் வீடு தேடினால் உண்மை முகம் தெரியும்.

பழைய ஐந்து மாடிப் பிளாக்குகளில் லிஃப்ட் கிடையாது. பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால் அவர்களின் முழங்காலை நினைத்து மாடியைத் தேர்ந்தெடுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்

வழக்கமான கணக்கு இது: முதல் மாத வாடகை, இரண்டு மாத வாடகை பாதுகாப்பு டெப்பாசிட், அரை மாத வாடகை தண்ணீர் மின்சார டெப்பாசிட். மாதம் 1,200 ரிங்கிட் வீட்டுக்கு 1,200, 2,400, 600 சேர்த்து 4,200 ரிங்கிட். இதற்கு மேல் முத்திரை வரியும் அக்ரிமெண்ட் எழுதும் செலவும்.

முத்திரை வரியைப் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். முன்பு வருட வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஒரு வருட அக்ரிமெண்டுக்கு, வருட வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் ஒரு ரிங்கிட். ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் மூன்று ரிங்கிட். 1,200 ரிங்கிட் வீட்டின் வருட வாடகை 14,400. 250ஆல் வகுத்தால் 57.6, அதை 58 என்று எடுப்பார்கள். ஒரு வருடத்துக்கு 58 ரிங்கிட், இரண்டு வருடத்துக்கு 174. நகல் பிரதி ஒன்றுக்கு 10. வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் நீங்களே செய்யலாம். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத அக்ரிமெண்டை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது, அதனால் வீட்டுக்காரர் "வேண்டாம், செலவு" என்றாலும் நீங்கள் விடாதீர்கள்.

ஏஜெண்ட் கட்டணத்தை வழக்கமாக வீட்டுக்காரர் கட்டுவார். உங்களிடம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

அக்ரிமெண்டைப் படிப்பது

முதலில், கையெழுத்திடுபவர்தான் சொந்தக்காரரா? பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரிச் சீட்டில் உள்ள பெயரையும் அவருடைய அடையாள அட்டையையும் ஒப்பிடுங்கள். இதைக் கேட்பது அவமரியாதை இல்லை.

பழுதுகளுக்கு யார் பொறுப்பு என்பதில் ஒரு தொகை எழுதியிருக்கும். 100 அல்லது 200 ரிங்கிட் வரை நீங்கள், அதற்கு மேல் அவர் என்று தெளிவாக இருக்கட்டும். பராமரிப்புக் கட்டணமும் மதிப்பீட்டு வரியும் வீட்டுக்காரருடையது. மின்சாரம், தண்ணீர், இண்டா வாட்டர் (கழிவுநீர்க் கட்டணம்), இணையம் யாருடையது என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஏர்கண்டிஷனை நீங்கள் நுழையும் முன் அவர் சர்வீஸ் செய்து ரசீது தரட்டும்.

முன்கூட்டியே வெளியேறுவது முக்கியமான வரி. வேலை மாறினால் இரண்டு மாத நோட்டீசோடு போகலாமா, அல்லது டெப்பாசிட் போய்விடுமா? டெப்பாசிட்டை எத்தனை நாளில் திருப்பித் தருவார்? என் அக்ரிமெண்டில் அந்த நாள் கணக்கே இல்லை. 14 நாள் என்று பேனாவால் எழுதி இருவரும் சுருக்கொப்பமிட்டோம்.

தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தன்னிச்சையாகப் பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்த முடியாது. 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7(2) பிரிவின்படி அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். டெப்பாசிட் திரும்ப வராவிட்டால் 5,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் பாஸ்போர்ட், வேலை அனுமதி இரண்டின் நகலையும் தயாராக வைத்திருங்கள். அனுமதி முடியும் தேதிக்கு மேல் அக்ரிமெண்ட் நீண்டால், அனுமதி புதுப்பிக்கப்படாவிட்டால் டெப்பாசிட்டைத் திரும்பப் பெற்று விலகலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சாவி கைக்கு வந்த நாள்

பொருள்களை ஏற்றுவதற்கு முன் வெறும் வீட்டைப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவர், ஒவ்வொரு கீறல், உடைந்த ஓடு, சோஃபாக் கிழிசல், மின் மீட்டரின் எண், தண்ணீர் மீட்டரின் எண். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து டெப்பாசிட் பேச்சு வரும்போது இதுதான் பேசும்.

கொண்டோ என்றால் நிர்வாக அலுவலகத்தில் குடிபுகும் படிவம், நுழைவு அட்டை, கார் ஸ்டிக்கர் மூன்றையும் முதல் நாளே முடியுங்கள். பொருள்கள் ஏற்ற லிஃப்ட் எந்த நேரத்தில் தருவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அனுமதிக்காத கட்டடங்கள் உண்டு. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுகிறீர்கள் என்றால், சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கணக்கில் பழைய பாக்கி இல்லை என்பதைக் கடைசிச் சீட்டில் பாருங்கள். இணையம் போடும்போது அந்தக் கட்டடத்தில் எந்த நிறுவனத்தின் இணைப்பு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம் கேட்பார்கள். உங்கள் வீட்டு அக்ரிமெண்ட் ஒரு வருடம்தான் என்றால் இடம் மாற்றும் கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தீவின் சில பழக்கங்கள் வெளியூர்க்காரருக்குப் புதிது. மறுசுழற்சிக் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும். எந்த நாளில் எடுப்பார்கள் என்று பிளாக் அறிவிப்புப் பலகையில் இருக்கும். கடைகளில் பிளாஸ்டிக் பையை எதிர்பார்க்காதீர்கள், பைக்குள் ஒரு துணிப்பையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் கார் நிறுத்தப் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை இறக்கிவிடுங்கள்.

வாட்டர்ஃபால் சாலை, தண்ணீர்மலைப் பக்கம் வீடு எடுத்தவர்களுக்கு ஒன்று. தைப்பூசத்தின்போது அந்தச் சாலைகள் மூடப்படும். கார் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அந்த நாள்களுக்கு முன்பே காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு, மளிகை வாங்கி வைத்துவிடுங்கள். வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் போகும் வழி, இரவெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மேளம், உடைந்த தேங்காய். என் சிநேகிதர் ஒருவர் அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே வீடு எடுத்தார்.

மலேசியக் குடிமக்கள் வீடு மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். முத்திரை குத்திய அக்ரிமெண்டின் நகலையும் மின்சாரச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அதே இரண்டு தாள்களின் இன்னொரு நகலை ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டு, பள்ளி அலுவலகத்துக்குக் காலை நேரத்திலேயே போய்விடுங்கள்.